50-ஐ 49 ஆக்கிப் பாருங்கள்

மென்பொருள் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த வேலை பழைய நிரலைச் சீர்செய்வது. பல கை மாறி, எழுதியவர்கள் எல்லாரும் வேலையை விட்டுப் போன பிறகும், ஒரு டெஸ்ட்கூட இல்லாமல் தினமும் ஓடிக்கொண்டிருக்கிற நிரல் இருக்கிறதே, அதைக் கொடுங்கள் எனக்கு! புது ப்ராஜெக்ட் என்றால் டீமில் மற்றவர்களுக்கு முகம் மலரும். பல வருஷத்து ஃபைலைத் திறக்கச் சொன்னால் எனக்கு மலரும். டிசைன் கொள்கைகள் என்று இத்தனை படிக்கிறோமே, அவை உயிர்பெறுவது பழைய நிரலில்தான் என்பது என் கட்சி. வெற்றுத் திரையில் எந்தக் கொள்கையும் அழகாகத்தான் இருக்கும். ஆயிரம் வரிக்கு நீளும் ஒரு ஃபங்ஷனுக்குள் இறங்கும்போதுதான் எது எதற்காக வந்தது என்று கைக்குப் புரியும்.

இந்தப் பித்தை எனக்கு ஏற்றிவிட்டவர் மைக்கேல் ஃபெதர்ஸ். 2004-இல் வந்த 'வொர்க்கிங் எஃபெக்டிவ்லி வித் லெகசி கோடு' என்ற அவருடைய புத்தகத்தை எத்தனை பேரிடம் கொண்டுபோய்த் திணித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அதன் அத்தியாயத் தலைப்புகளைப் படித்தாலே போதும், நம் அலுவலகத்தில் யாரோ புலம்புவது மாதிரியே இருக்கும். நேரமே இல்லை, ஆனால் இதை மாற்றியாக வேண்டும் என்று ஒரு தலைப்பு. இந்த கிளாஸ் ஏற்கெனவே ஊதிப்போயிருக்கிறது, இன்னும் ஊதவிட மனமில்லை என்று இன்னொன்று. புலம்பலைத் தலைப்பாக வைத்துவிட்டு அதற்குள்ளேயே மருந்தையும் எழுதியிருக்கிறார் மனிதர். பழைய நிரல் என்பதற்கு அவர் தரும் வரையறைக்கும் வயதுக்கும் சம்பந்தமே கிடையாது. டெஸ்ட் இல்லையா, நேற்று எழுதியதானாலும் அது லெகசிதான். முதன்முறை படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

அவர் சொல்லும் சிக்கல் இந்தத் துறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்தது. நிரலைப் பயமில்லாமல் மாற்ற வேண்டுமானால் டெஸ்ட் வேண்டும். டெஸ்ட் எழுத வேண்டுமானால் நிரலைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு சாவிகள் தருகிறார். முதலாவது, நிரல் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, இப்போது என்ன செய்கிறது என்று பதிவுசெய்வது. ஓடவிட்டு, வருகிற விடையை அப்படியே டெஸ்டில் எழுதிவைக்க வேண்டும். சரியா தவறா என்ற தீர்ப்பு பிறகு. இரண்டாவது, ஓரிடத்தில் நிரலைத் திருத்தாமலே அந்த இடத்தின் நடத்தையை வெளியிலிருந்து மாற்றக்கூடிய இணைப்பைக் கண்டுபிடிப்பது. அதற்கு அவர் வைத்த பெயர் 'சீம்'. இந்த இரண்டும் கைவசம் இருந்தால் எந்தக் காட்டுக்குள்ளும் போகலாம்.

சொல்லிப் புரியாது, செய்து பார்க்க வேண்டும். அதற்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது: கில்டெட் ரோஸ். டெர்ரி ஹ்யூஸ் உருவாக்கியது. எமிலி பேச் அதைப் பல கணினி மொழிகளில் கிடைக்கும்படி செய்து உலகம் முழுக்கப் பரப்பினார். எந்த மொழியில் நிரல் எழுதுகிறவராக இருந்தாலும் உங்களுக்கும் ஒரு வடிவம் அங்கே காத்திருக்கும்.

கதை இதுதான். அல்லிசன் என்பவர் நடத்தும் ஒரு சத்திரம். அங்கே சரக்கு வாங்கி விற்கிறார்கள். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பெயர், விற்க மீதமிருக்கும் நாள், தரம் என்று ஓர் எண். பொழுது சாய்ந்தால் நாளும் தரமும் ஒவ்வொன்று குறையும். நாள் கடந்துவிட்டால் தரம் இரட்டை வேகத்தில் இறங்கும். பூஜ்யத்துக்குக் கீழே போகாது, 50-க்கு மேலே ஏறாது. முதிரவைத்த பாலாடைக்கட்டிக்கு மட்டும் நாளாக ஆகத் தரம் கூடும். கச்சேரி நுழைவுச்சீட்டுக்கு 10 நாள் இருக்கும்போது இரண்டிரண்டாகவும், 5 நாள் இருக்கும்போது மூன்று மூன்றாகவும் ஏறும். கச்சேரி முடிந்ததும் பூஜ்யம். சல்ஃபுராஸ் என்ற மந்திர ஆயுதத்துக்கு எப்போதும் 80, அசையவே அசையாது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆடியவர்களுக்கு இந்தச் சத்திரமும் ஆயுதமும் எங்கிருந்து வந்தவை என்று உடனே பிடிபடும். இப்போது புதிதாக ஒரு சரக்கு வந்திருக்கிறது, மந்திரத்தால் வரவழைத்தது. மற்றவற்றைவிட இரு மடங்கு வேகத்தில் கெட்டுப்போகும். அதைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

நிரலைத் திறந்தால் ஒரே ஒரு ஃபங்ஷன். இஃப்புக்குள் இஃப், அதற்குள் இஃப். அதிலும் பாதி 'இது இல்லை என்றால்' வகை. வலது பக்கம் சரிந்துகொண்டே போகும். அதற்குமேல் ஒரு நிபந்தனை வேறு: சரக்கைக் குறிக்கும் கிளாஸைத் தொடக் கூடாது. தொட்டால் மூலையில் உட்கார்ந்திருக்கும் பூதம் பொங்கிவிடும்! இந்தப் பூதத்தை எனக்கு அவ்வளவு பிடிக்கும். நிஜ வாழ்க்கையில் நாம் தொடக் கூடாத கிளாஸ் எத்தனை! வேறு டீமுடையது, வேறு நிறுவனத்துடையது, டேட்டாபேஸோடு ஒட்டிக்கொண்டது. அந்த யதார்த்தத்தை ஒரு பூதத்துக்குள் அடக்கிவிட்டார்கள்.

முதல் வேலை வலை விரிப்பது. ஒவ்வொரு பெயரையும், மீதநாளுக்குச் சில எண்களையும், தரத்துக்குச் சில எண்களையும் எடுத்து, சாத்தியமான எல்லாச் சேர்க்கைகளையும் நிரலுக்குள் தள்ளி, வெளியே வருவதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் கொட்டிவிடலாம். லவெலின் ஃபால்கோவின் 'அப்ரூவல் டெஸ்ட்ஸ்' நூலகம் இதைச் சில வரிகளில் முடித்துத் தரும். இனி ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் புதிய வெளியீடு பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

எந்த எண்களைக் கொடுப்பது என்பதில்தான் எனக்கு மயக்கமே. எல்லா வரியும் ஓடிவிட்டது என்று கவரேஜ் பச்சை காட்டும், உடனே திருப்திப்பட்டுவிடக் கூடாது. நிரலில் 50 என்று இருப்பதை வேண்டுமென்றே 49 ஆக்கிவிட்டு டெஸ்டை ஓட்டுங்கள். டெஸ்ட் அலறினால் வலை நல்ல வலை. சத்தமே இல்லாமல் பச்சையாகவே இருந்தால் வலையில் ஓட்டை. இந்த 50 நான்கு இடத்தில் வருகிறது. பாலாடைக்கட்டியும் நுழைவுச்சீட்டும் முதலில் ஒன்று ஏறுகிற இடத்துக்கு 49 என்ற தரம் போதும். நுழைவுச்சீட்டுக்குப் பத்து நாளுக்குள் வரும் இரண்டாவது ஏற்றத்தைப் பிடிக்க 48 வேண்டும். ஐந்து நாளுக்குள் வரும் மூன்றாவது ஏற்றத்துக்கு 47 கொடுத்தால்தான் பிடிபடும். ஏனென்றால் 47, 48, 49 என்று ஏறி வந்து கடைசிப் படியில் நிற்கும்போதுதான் அந்த 50-க்கும் 49-க்கும் வித்தியாசம் தெரியும். ஓர் எண்ணை மாற்றி ஒரு டெஸ்டை உடைக்கிற இந்த ஆட்டம் எவ்வளவு சுகமானது தெரியுமா! நிரலின் ஒவ்வொரு எல்லைக்கோட்டையும் விரலால் தடவிப் பார்ப்பதுபோல் இருக்கும். இந்த எண்கள் கிடைத்த பிறகு அந்த ஃபங்ஷனைப் பற்றி எனக்குத் தெரியாத ரகசியம் எதுவும் இல்லை என்ற நிம்மதி வரும்.

ரகசியம் என்றதும் மீதமிருக்கும் அந்த நான்காவது 50-ஐப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விற்க வேண்டிய நாள் கடந்த பிறகு பாலாடைக்கட்டியின் தரம் இரண்டிரண்டாக ஏறுகிறது. கொடுத்த விதிகளில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. விதிகளைப் படித்துவிட்டு முதலிலிருந்து புதிதாக எழுதுகிறவர் இதைத் தவறவிடுவார். வலை விரித்தவரின் டெக்ஸ்ட் ஃபைலில் அது தானாக வந்து உட்கார்ந்திருக்கும்.

இனி அவிழ்க்கும் கட்டம். இங்கே ஃபால்கோவும் எமிலி பேச்சும் காட்டுகிற ஒரு வித்தை இருக்கிறது, நான் பார்த்த நிரல் வித்தைகளிலேயே அழகானது அதுதான். உள்ளே எங்கோ புதைந்திருக்கும் 'இது பாலாடைக்கட்டியா?' என்ற கேள்வியை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைக்கிறார்கள். ஆமாம் என்றால் முழு ஃபங்ஷனும், இல்லை என்றால் அதே முழு ஃபங்ஷன் இன்னொரு முறையும். நிரல் இரண்டு மடங்காகிவிட்டதே என்று பார்ப்பவருக்குப் பகீரென்றிருக்கும். ஆனால் இப்போது கவரேஜை ஓட்டுங்கள். முதல் பாதிக்குள் வருவது பாலாடைக்கட்டி மட்டும்தான் என்பதால், மற்ற சரக்குகளுக்கான கிளைகள் எல்லாம் அங்கே ஓடாத வரிகளாகச் சிவந்து நிற்கும். அவற்றை அழிக்கலாம். என்றைக்கும் உண்மையாகவே இருக்கும் கேள்விகளையும் எடுத்துவிடலாம். இரண்டாம் பாதியிலும் அப்படியே. பிறகு நுழைவுச்சீட்டைத் தூக்குங்கள், சல்ஃபுராஸைத் தூக்குங்கள். ஒவ்வொரு படியிலும் டெஸ்ட் பச்சை. முடியும்போது ஒரு சரக்குக்கு ஒரு பத்தி என்று, விதிகளை வாசிப்பதுபோல நிரல் வாசிக்கக் கிடைக்கும். நீங்கள் புதிதாக எதையும் எழுதவே இல்லை, இருந்ததைத் தூக்கி, வேண்டாததைக் கழித்தீர்கள். முதல்முறை இது என் திரையில் நடந்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அவ்வளவு ஆனந்தம்.

இதே பயிற்சியை சாண்டி மெட்ஸ் 2014-ஆம் ஆண்டு ரெயில்ஸ்கான்ஃப் உரையில் வேறு வழியில் செய்தார். அந்த இஃப் காட்டுக்குள் அவர் நுழையவே இல்லை. வெளியே நின்று ஒவ்வொரு சரக்காகப் புதிய சிறு கிளாஸுக்கு மாற்றிக்கொண்டே வந்தார். பழையது கடைசியில் வேலையற்றுப் போனது. அவசரப்பட்டுத் தவறான பொதுமையைக் கட்டுவதைவிட, ஒரே வரி இரண்டு இடத்தில் இருப்பது எவ்வளவோ மேல் என்ற அவருடைய வாதத்தை அந்த உரையில் கண்ணால் பார்க்கலாம். கடைசியில் புதுச் சரக்கைச் சேர்க்க, ஒரு சின்ன கிளாஸும் அதை அறிமுகப்படுத்தும் ஒரு வரியும் போதும். நீட்டிக்கத் திறந்திருக்க வேண்டும், திருத்த மூடியிருக்க வேண்டும் என்று பெர்ட்ராண்ட் மேயர் 1988-இல் எழுதிவைத்த கொள்கையைப் பாடப் புத்தகத்தில் எத்தனையோ பேர் மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்தப் பழைய ஃபங்ஷனோடு மல்லுக்கட்டிவிட்டு இந்த ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள், மேயர் எதைச் சொன்னார் என்று உடம்புக்கே தெரியும்.

என் அன்றாட வேலையில் இது எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன். அடகுக் கடைகளுக்கான கணக்கு மென்பொருளில் வேலை செய்கிறேன். நகைக்கடனுக்கு வட்டி போடும் ஃபங்ஷன்தான் அதன் இதயம். அதைத் திறந்தபோது பக்கத்து இருக்கைத் தம்பி பதறினான்: "அண்ணா, அதை மட்டும் தொடாதீங்கண்ணா. ஓடுது, ஓடட்டும்." அவன் பயம் நியாயமானது. இன்றைய தேதியை கம்ப்யூட்டர் கடிகாரத்திலிருந்து எடுப்பது, வட்டி விகிதத்தை டேட்டாபேஸில் தேடுவது, நாள் எண்ணுவது, பைசாவை ரூபாயாக்குவது, ரசீது அச்சடிப்பது எல்லாம் ஒரே இடத்தில். இன்று ஓட்டினால் ஒரு விடை, நாளை ஓட்டினால் வேறு விடை. இதற்கு எப்படி டெஸ்ட் எழுதுவது?

ஃபெதர்ஸ் காட்டிய இணைப்பு இங்கேதான் கைகொடுத்தது. இன்றைய தேதியை எடுக்கும் ஒற்றை வரியைத் தனி மெத்தடாகப் பிரித்தேன். எடிட்டரில் இரண்டு விசையை அழுத்தினால் முடிகிற வேலை. டெஸ்டுக்காக அந்த கிளாஸின் பிள்ளை கிளாஸ் ஒன்றை எழுதி, அதில் அந்த மெத்தட் மட்டும் நான் சொல்லும் தேதியைத் தரும்படி செய்தேன். டேட்டாபேஸ் தேடலுக்கும் அதே வைத்தியம், அச்சடிப்புக்கும் அதே. கணக்குப் போடும் வரி ஒன்றையும் தொடவில்லை. ஆனால் பிப்ரவரி 29-ஆம் தேதி வைத்த நகையை எந்த நாளில் வேண்டுமானாலும் என் மேஜையிலேயே மீட்டுப் பார்க்கலாம்! இந்த எடிட்டர் விசைகளுக்குப் பின்னால் ஒரு பரம்பரையே இருக்கிறது. வில்லியம் ஆப்டைக் 1992-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் ஆய்வு, டான் ராபர்ட்ஸும் ஜான் பிரான்ட்டும் ஸ்மால்டாக் மொழிக்குக் கட்டிய ரீஃபாக்டரிங் பிரவுசர், 1999-இல் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய 'ரீஃபாக்டரிங்' புத்தகம். அந்த விசையை அழுத்தும்போதெல்லாம் இவர்களுக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

வலை விரித்ததும் எங்களுக்கும் ஒரு பாலாடைக்கட்டி சிக்கியது. காலையில் வைத்த நகையைச் சாயங்காலமே மீட்டாலும் ஏழு நாள் வட்டி வந்தது. எந்த ஆவணத்திலும் அது இல்லை. தம்பி அதை பக் என்றான். எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு கடையின் மூத்த கணக்கரிடம் கேட்டேன். "அது எங்க முதலாளியோட அப்பா காலத்துலேர்ந்து இருக்கிற வழக்கம் தம்பி. ஏழு நாளுக்குக் குறைஞ்சு வட்டி வாங்குறதில்லை" என்றார். எழுதிவைக்காத ஒரு வழக்கம் நிரலுக்குள் ஓர் எண்ணாக உட்கார்ந்து, தலைமுறை தாண்டி வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. பழைய நிரலை யாராவது குப்பை என்றால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அதற்குள் இருப்பது வேறெங்கும் பதிவாகாத ஒரு தொழிலின் அறிவு. அந்த 7-க்கு ஒரு பெயர் வைத்தோம், டெஸ்டுக்கும் அதே பெயர். இனி அது வழக்கம் என்பது படிக்கிற யாருக்கும் தெரியும்.

அதன் பிறகு பிரிக்கும் வேலை. எப்படிப் பிரிப்பது என்பதற்கு நான் போய் நிற்பது டேவிட் பார்னஸ் 1972-இல் எழுதிய கட்டுரையின் வாசலில். தலைப்புகளில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் முன்னுக்குக் கொண்டுவந்து அகரவரிசைப்படுத்தும் ஒரு சின்ன நிரலை எடுத்துக்கொண்டு, அதை இரண்டு விதமாகக் கூறுபோட்டுக் காட்டினார். உள்ளே வாங்கு, சுழற்று, வரிசைப்படுத்து, அச்சிடு என்று வேலை நடக்கும் வரிசையில் பிரிப்பது ஒரு வழி. பின்னால் மாறக்கூடிய முடிவு எது என்று பார்த்து, ஒவ்வொரு முடிவையும் ஒரு பெட்டிக்குள் மறைப்பது இன்னொரு வழி. முதல் வழியில், வரிகளை நினைவகத்தில் எப்படி வைக்கிறோம் என்பதை மாற்றினால் கிட்டத்தட்ட எல்லாப் பகுதியிலும் கைவைக்க வேண்டும். இரண்டாவதில் ஒரே ஒரு பெட்டி. இத்தனை வருஷம் ஆகியும் அந்தச் சில பக்கக் கட்டுரையின் கூர்மை மழுங்கவே இல்லை.

எங்கள் வட்டியில் மாறக்கூடிய முடிவுகள் மூன்று: நாளை எப்படி எண்ணுவது, எந்தத் தொகைக்கு எந்த விகிதம், பைசாவை எப்படி ஒழுங்குசெய்வது. மூன்றும் கடைக்குக் கடை வேறுபடும். மூன்று பெட்டிகள் ஆக்கினோம், அதோடு நிறுத்திக்கொண்டோம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கிளாஸ் என்று நறுக்கித் தள்ளுகிற பழக்கத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஜான் அவுஸ்டர்ஹவுட் 2018-இல் வெளியிட்ட புத்தகத்தில் யூனிக்ஸின் ஃபைல் வசதியைக் காட்டுவார். திற, படி, எழுது, நகர், மூடு என்று வெளியே ஐந்தே கட்டளைகள், உள்ளே ஒரு பெரிய உலகமே மறைந்திருக்கிறது. வாசல் சின்னதாகவும் வீடு பெரியதாகவும் இருக்க வேண்டும். நான் இந்த விஷயத்தில் முழுக்க அவர் பக்கம்.

இதெல்லாம் வெறும் அழகுணர்ச்சி என்று நினைப்பவர்களுக்கு நைட் கேபிடல் கதையைச் சொல்வேன். அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம். 'பவர் பெக்' என்ற பழைய வசதியை 2003-லேயே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள், நிரலை மட்டும் அழிக்கவில்லை. 2012-இல் புது வசதி ஒன்றுக்கு அந்தப் பழைய வசதியின் சுவிட்சையே மறுபடி எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றுக்கு மட்டும் புது நிரல் போய்ச் சேரவில்லை. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் செத்த நிரல் எழுந்து ஓடியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஓடாத கிளையை அழிப்பதில் நான் ஏன் இவ்வளவு குதூகலிக்கிறேன் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாமே என்பவர்களுக்கு நெட்ஸ்கேப் இருக்கிறது. 1997-இல் 4.0 வந்தது, புதிதாக எழுதப் போனார்கள், 5.0 வெளிவரவே இல்லை. 6.0 வந்தபோது 2000 நவம்பர் ஆகிவிட்டது. பிரவுசர் சந்தை அதற்குள் கைமாறியிருந்தது.

கில்டெட் ரோஸை இன்னும் தொடாதவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, அந்த முதல் அனுபவம் அவர்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறதே! பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள், ஒருவர் விசைப்பலகையில், மற்றவர் கேள்வி கேட்டுக்கொண்டு. ஒரு முறை ஃபால்கோ வழியில், ஒரு முறை மெட்ஸ் வழியில். முடித்துவிட்டால் எமிலி பேச்சின் களஞ்சியத்தில் டென்னிஸ் இருக்கிறது. ஆட்டத்தின் ஸ்கோரைச் சொல்லும் ஒரே வேலையை வெவ்வேறு விதமாகச் சிக்கலாக்கி எழுதிய நிரல்கள், டெஸ்டுகள் தயாராகக் கூடவே. எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அதை ஆரம்பித்திருக்கிறோம். வட்டி ஃபங்ஷனைத் தொடாதீங்கண்ணா என்ற தம்பிதான் விசைப்பலகையை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்கிறான்.